முப்பத்தைந்துக்கு அப்பால்

ஆங்கில ஆசிரியர் என்றால் ஊரார் நம்மைச் சற்று மேலாகவே நினைக்கின்றனர். வங்கிப் படிவமானாலும், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதமானாலும் அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. வகுப்பறைக்குள் கால் வைத்தால்தான் நம் மதிப்பு எவ்வளவு என்பது நமக்கே விளங்கும். "குட்மார்னிங் டீச்சர்" என்று நாற்பது குரல்கள் கூரை அதிர ஒலிக்கும். அடுத்து ஒரு கேள்வி கேட்டால் நாற்பது தலைகளும் குனிந்துகொள்ளும்.

நம்முடையது தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் எவருடைய ஆங்கில நூலை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். அச்சிட்ட வரிகளுக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் இன்னொரு வரி ஓடும். ஆங்கிலச் சொற்களை ஒலித்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்ட வரி அது. வாசிக்கச் சொன்னால் மாணவன் வாசிப்பது அந்தப் பென்சில் வரியைத்தான். தடையின்றியே வாசிப்பான், பார்வையிட வந்த அதிகாரியும் மகிழ்ந்துபோவார்.

ஆனால் தமிழெழுத்து அந்தப் பணிக்கென அமைந்ததன்று. நமக்குப் பகரம் ஒன்றே போதும்; சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ அங்கே இரண்டு எழுத்துகள். ஆதலால் பென்சில் வரியில் தோளில் மாட்டும் பையும் 'பேக்', முதுகும் 'பேக்', மூட்டை கட்டுவதும் 'பேக்'. என் பை என் முதுகில் இருக்கிறது என்பதை ஒரு மாணவி "மை பேக் இஸ் ஆன் மை பேக்" என்று எழுதிவைத்திருந்தாள். இதில் எது பை, எது முதுகு என்று கேட்டோம். "முன்னால் வருவது பை, பின்னால் இருப்பது முதுகு, டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம்.

இன்னொரு நாள் கத்தியைக் குறிக்கும் சொல்லில் சிக்கல். "வாயே திறக்காத எழுத்து முதலில் எதற்கு, டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அந்தக் ககர ஒலியை உச்சரித்தே வந்தனர். 1476இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சுப் பரவப் பரவ எழுத்து நிலைபெற்றது. நாவோ மாறிக்கொண்டே சென்று அந்த ஒலியை விட்டுவிட்டது. நம் குற்றியலுகரத்திலும் எழுத்தில் உள்ளது ஒலியில் குறைகிறதன்றோ என்றதும், தமிழாசிரியரின் பாடம் நினைவுக்கு வந்து பலர் தலையசைத்தனர். அன்று மாலை வரை நம் கால் தரையில் பாவவில்லை.

எல்லா நாளும் அப்படி வாய்ப்பதில்லை. 2025-26ஆம் கல்வியாண்டில் நம்மிடம் பத்தாம் வகுப்பில் அமர்ந்தவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான்காம் வகுப்பில் இருந்தவர்கள். ஐந்தாம் வகுப்பு அறையை அவர்கள் பார்க்கவே இல்லை. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தனர். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பருவம் அந்த இடைவெளியில் போயிற்று. ஒன்பது பேருக்கு அது இன்னும் திரும்பவில்லை.

தேர்வோ காத்திருப்பதில்லை. 2019-20 முதல் ஆங்கிலத்தின் இரு தாள்களும் ஒன்றாயின. மூன்று மணி நேரம், 100க்கு 35 பெற்றால் தேர்ச்சி. அந்த 35ஐ எட்ட வழிகள் உண்டு. மனப்பாடப் பாடலை எழுதலாம்; கடிதத்தின் தலையும் வாலும் தெரிந்தால் சில மதிப்பெண்; வழிகாட்டும் படத்துக்கு "நேரே செல், இடப்புறம் திரும்பு". வாசிக்கத் தெரியாமலே தேறிவிட முடியும். தேறியவன் பிறகு என்ன வாசிப்பான் என்பதே நம் உறக்கத்தைக் கெடுத்தது.

பகலில் 35க்கான பாடம், மாலையில் அரைமணி நேரம் ஒன்பது பேருக்கு எழுத்தொலி என்று முடிவு செய்தோம். "பத்தாம் வகுப்பிலா அரிச்சுவடி, டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர். தேர்ச்சி விழுக்காட்டுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. பாடநூலை மூடிவைத்துவிட்டுச் சோப்பு உறை, பிஸ்கட் உறை, பேருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு தொடங்கினோம். முதல் மாதம் நால்வர் நின்றுவிட்டனர். இருவர் திரும்பி வந்தனர்.

நவம்பரில் ஒருவன் தன் தாயாரின் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தான். பொடி எழுத்தில் இருந்த சொல்லை ஒவ்வோர் ஒலியாகக் கூட்டினான். பொருள் கேட்டான், சொன்னோம். அதனருகே இருந்த மாதத்தைப் பார்த்துவிட்டு, "இது செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, டீச்சர். அம்மா இன்னும் சாப்பிடுகிறார்" என்று அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அரையாண்டுத் தேர்வில் அவன் பெற்றது 23. மதிப்பெண் அட்டையில் ஒப்பமிட வந்த தாயார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறிவிடுவானா, டீச்சர்?"

"இன்னும் பன்னிரண்டு வேண்டும் அம்மா. நாள் இருக்கிறது. வீட்டில் படிக்கிறானா?"

"எங்கே படிக்கிறான்? கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்றுவிடுகிறான். வீடு போய்ச் சேர இருட்டிவிடுகிறது" என்று குறைபட்டுக்கொண்டார்.

மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பில் செயப்பாட்டுவினை காத்திருந்தது.