ஐந்நூறா, ஆயிரத்துக்கு மேலா?

மோட்டார் சைக்கிள் என்றதும் இளவட்டங்களின் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வரும்போது, "ஒரு பெரிய வண்டி வாங்கி நாட்டைச் சுற்றினால் என்ன?" என்ற ஆசை உங்கள் வீட்டுக்காரருக்கும் வரலாம். எனக்கு வந்தது.

நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மோட்டார் என்றால் ஹோண்டா கப்தான். ஹோண்டாவை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் நம் பினாங்கு லோ பூன் சியூ அல்லவா? எங்கள் தோட்டத்தில் கிராணியாரிடம் மட்டும் ஒன்று இருந்தது. இன்று வீட்டுக்கு வீடு கப்சாய். ஜார்ஜ் டவுனுக்கு வந்து முப்பது வருஷம் நானும் அதில்தான் வேலைக்குப் போனேன்.

இப்போது நான் தேடியது தார்ச்சாலை, செம்மண் சாலை இரண்டிலும் ஓடக்கூடிய உயரமான நெடும்பயண வண்டி. இரண்டு என் கண்ணில் நின்றன. ஒன்று ஹோண்டா சி.பி.500எக்ஸ், 471 சி.சி., ஏறக்குறைய 200 கிலோ. (2024 முதல் இதன் பெயர் என்.எக்ஸ்.500.) மற்றது பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ்.; 1254 சி.சி., 249 கிலோ. அதன் விலைக்கு இரண்டு ஹோண்டா வாங்கலாம். மீதியும் கையில் நிற்கும்.

பெரிய வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் மனைவி, இருபுறமும் சாமான் பெட்டிகள், முன்னால் கேமரன் மலை ஏற்றம். ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமா? பிடியை லேசாகத் திருகினால் போதும். பினாங்குப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தக் கனம் ஒரு தைரியம். சங்கிலிக்குப் பதில் தண்டு இருப்பதால் எண்ணெய் போடும் வேலையும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் சட்டப்படி ஓட்டக்கூடிய வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அதற்கு 471 சி.சி. தாராளம்.

ஒரு நாள் சுங்கை பாக்காப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கல்யாண விருந்து. முதல் நாள் நல்ல மழை. நண்பர் ஒருவர் தம் பெரிய வண்டியை ஓரமாக நிறுத்தினார். பக்கக் கால் ஈரமண்ணில் மெல்ல மெல்ல இறங்க, வண்டி எருமை மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். விருந்து வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1982-இல் திறந்த கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்கு நடுவே, யார் கை கொடுப்பார்கள்? என் முதுகுக்கும் வயதாகிவிட்டதே!

லைசென்ஸையும் பாருங்கள். நம்மில் பலரிடம் இருக்கும் 'பி2' 250 சி.சி. வரைக்கும்தான். 500 வரை 'பி1'. அதற்கும் மேல் என்றால் முழு 'பி' எடுத்தாக வேண்டும். சாலை வரி 251 முதல் 500 சி.சி. வரை ஆண்டுக்கு 100 வெள்ளி, 800 வரை 250, அதற்கு மேல் 350. வரியை எப்படியோ கட்டிவிடலாம். காப்புறுதியும் டயரும்தான் பையைக் காலி செய்யும்.

மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. சேமநிதியில் அவள் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் கடைக்கே போனேன். இவளும் கூட வந்தாள். இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பெரிசுல ஏறுறதுக்கு முக்காலி வேணும்போல. நான் ஏறி உட்கார முடியிற வண்டியா எடுங்க," என்றாள். விற்பனையாளர் சிரித்தார். ஹோண்டாவையே எடுத்தோம்.

அடுத்த மாதம் பாலிங், கிரிக் வழியாக ஜெலிக்குப் போக உத்தேசம். பக்கக் காலுக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் சாலையில் யானை குறுக்கே வருமாமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று இவள் கேட்கிறாள். தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் அது போகிறவரை காத்திருக்க வேண்டியதுதான் என்றேன்.