முதுகுக்கேற்ற பை

யாத்திரை புறப்படுவோர் நாள் பார்ப்பர், நட்சத்திரம் பார்ப்பர், படலையைத் திறக்கும்போது எதிரே வருபவர் யாரென்றும் பார்ப்பர். பையைப் பார்ப்பவர் மிகச் சிலரே. நாமும் பாராதவருள் ஒருவராகவே இருந்தோம். 2018ஆம் ஆண்டிலே, செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டமொன்றுடன் புறப்பட்ட நாம், பத்தாம் நாள் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். காலிலே நோயில்லை, காய்ச்சலுமில்லை, பக்தியிலே குறைவிருந்ததாகவும் நாம் எண்ணவில்லை. நம்மைத் திருப்பியனுப்பியது நம் முதுகிலிருந்த பையேயாகும்.

இப் பாதயாத்திரையை அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் அரிது. தொண்டைமானாற்றங் கரையிலே தொடங்கி, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையிலிருந்து குமண, யாலக் காடுகளை ஊடறுத்து, மாணிக்க கங்கைக் கரையை அடைவது அது. ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. வழி நெடுகக் கோயில்களிலும் வீடுகளிலும் அன்னமிடுவோர் உளர். ஆதலால் உகந்தை வரை உணவு சுமக்க வேண்டுவதில்லை. அதற்கப்பாலுள்ள காட்டு வழிக்கு மாத்திரம் சில நாள்களுக்குரிய உணவும் நீரும் கையிலிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் கொழும்புக்குச் சென்றபோது, புறக்கோட்டைக் கடையொன்றிலே எழுபத்தைந்து லீற்றர் கொள்ளளவுள்ள முதுகுப்பையொன்றை வாங்கினோம். “பெரிசா எடுங்க சேர். சின்னது எடுத்தா பிறகு கவலப்படுவீங்க” என்றான் கடைத் தம்பி. அவன் பேச்சிலே குற்றமில்லை. நம் மனத்திலிருந்ததையே அவன் சொன்னான். பை வெறுமையாக இருக்கும்போதே இரண்டரைக் கிலோ நிறை. நாம் அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடியிலே பார்த்தோம், கம்பீரமாகவே இருந்தது.

பெரிய பையின் குணம் யாதெனின், அது வெறும் இடத்தைப் பொறுக்காது. ஐந்து சேட்டு, மூன்று வேட்டி, இரண்டு சாரம், இரண்டு துவாய், ஒரு கம்பளி, எவர்சில்வர் அடுக்குப்பெட்டி, ரோச்லைற் இரண்டு, அவற்றுக்கு மாற்று மின்கலங்கள், சிறிய மருந்துச்சாலையொன்றை நடத்தப் போதுமான மாத்திரைகள், கெட்டி அட்டைப் புத்தகங்கள் மூன்று என்று அது விழுங்கிக்கொண்டே போயிற்று. இவற்றுக்கெல்லாம் அடியிலே வேறொரு பொருளும் இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்வோம். கட்டி முடித்துத் தராசிலே வைத்தபோது பதினெட்டரைக் கிலோ. நம் உடம்பின் நிறை அறுபத்திரண்டு. நெடுந்தூரம் நடப்பவர் தம் உடல் நிறையில் ஐந்திலொரு பங்கிற்கு மேல் சுமத்தலாகாது என்பது நடையிலே அனுபவமுள்ளோர் கூறும் கணக்கு. நம் நாட்டு வெயிலுக்கு அதுவும் அதிகம். இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகக் காவினான் என்பர். அவன் அசுரன், நாமோ கல்லூரி ஆசிரியர்.

பாரம் ஒரு பிழை. அதனினும் பெரிய பிழை அளவு. சேட்டு வாங்கக் கழுத்தையும், சப்பாத்து வாங்கப் பாதத்தையும் அளக்கின்ற நாம், பை வாங்கும்போது முதுகை அளப்பதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியிலே புடைத்துத் தோன்றும் எலும்பொன்றுண்டு. இடுப்பிலே கை வைத்தால் பெருவிரல் தட்டும் எலும்பு விளிம்பும் உண்டு. இவ்விரண்டுக்குமிடையேயுள்ள தூரமே பைக்குரிய அளவு. ஆளின் உயரத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. நெட்டைக்காலும் குட்டை முதுகும் உடையோர் பலர். நம்முடைய அளவு பதினேழு அங்குலம். வாங்கிய பையோ இருபத்தோரங்குல முதுகுக்குச் செய்தது. ஆகவே அதன் இடுப்புப் பட்டி இடுப்பெலும்பிலே அமராமல் கீழே சறுக்கித் தொங்கிற்று; இடுப்புத் தாங்க வேண்டிய பாரம் முழுவதும் தோள்களிலே இறங்கிற்று.

சுமையை இடுப்புக்கு இறக்குதல் என்பது சிறு காரியமன்று. முதுகிலே சட்டம் வைத்துச் சுமத்தல் மிகப் பழைய வழக்கமாயிருக்கலாம். ஆல்ப்ஸ் மலைப் பனியிலே 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனுடலின் அருகே, வளைத்த மரக்கொம்பும் பலகைத் துண்டுகளும் கிடந்தன. அவை அவனுடைய சுமைச் சட்டத்தின் பகுதிகளென்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆயினும் நெடுங்காலமாகப் பாரம் பெரும்பாலும் தோளிலேயே தொங்கி வந்தது. அமெரிக்கராகிய டிக் கெல்ற்றி என்பார் 1952ஆம் ஆண்டிலே விற்கத் தொடங்கிய அலுமினியச் சட்டப் பைகள், சுமையை இடுப்பு தாங்கும் முறையைப் பரப்பின. தோள் மெல்லிய உறுப்பு. அதன் கீழே கைக்குச் செல்லும் நரம்புகள் கட்டாக ஓடுகின்றன. இடுப்போ உடம்பைத் தாங்கும் வலிய எலும்பு வளையம். தலையிலே சும்மாடு வைத்துச் சுமக்கும் நம் பெண்கள், முதுகெலும்புக்கு நேர்மேலே பாரத்தை நிறுத்தினால் அது இலகுவாகுமென்பதை எந்தப் பட்டியுமின்றியே அறிந்திருந்தனர். நம் கூட்டத்திலே வந்த மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டியார் ஒருவர் சிறு துணிமூட்டையொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எப்பொழுதும் நமக்கு முன்னேயே நடந்தார். ஒருநாள் திரும்பிப் பார்த்து, “என்ன மகன், வீட்டையும் முதுகில வெச்சுக் கொண்டாறீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

ஏழாம் நாள் வலக்கை விரல்கள் மரத்தன. பத்தாம் நாள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை. வீட்டுக்கு வந்து வைத்தியரிடம் காட்டியபோது, தோள்வார் நரம்புக்கட்டை நசுக்கியதால் நேர்ந்த விளைவு இதுவென்றும், பாரம் சுமக்கும் போர்வீரரிடையே இது பழகிய நோயென்றும், பெரும்பாலும் தானே மாறுமென்றும் அவர் கூறினார். மாறிற்று, ஆனால் மூன்று மாதம் சென்றது. அம்மூன்று மாதமும் கரும்பலகையிலே எழுதப் புகுந்தால் சுண்ணக்கட்டி விரலில் நில்லாமல் நழுவி விழும். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து எடுத்துத் தருவான். நான்காம் முறை அவன் எடுத்துத் தந்தபோது வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை. இனி இந்தக் கை பழையபடி ஆகாதோ என்ற அச்சம் அன்றுதான் நமக்கு உண்டாயிற்று.

நேர்த்தி நிறைவேறாமற் கிடந்தது. 2023ஆம் ஆண்டிலே மீண்டும் புறப்படத் தீர்மானித்து, அதே பையை இறக்கி, ‘இம்முறை குறைவாகத்தான்’ என்று சொல்லிக்கொண்டே கட்டினோம். நிறை பதினாறு கிலோ! விறாந்தையிலிருந்த அன்னையார் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு பாயொன்றை விரித்து, “இஞ்சை கொண்டு வா, பாப்பம்” என்றார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாயிலே வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் நாம் காரணம் சொன்னோம். எல்லாக் காரணமும் ‘ஒருவேளை’ என்றே தொடங்கிற்று. ஒருவேளை மழை பெய்தால், ஒருவேளை கிழிந்தால், ஒருவேளை கடை இல்லாவிட்டால்.

அடியிலே பொலித்தீனால் மும்முறை சுற்றிய பொதி. அதுவே முன்னர்க் குறித்த பொருள். அன்னையார் பிரித்தார். காணி உறுதியின் பிரதி, எல்லோருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரங்களின் பிரதிகள், நம் பட்டச் சான்றிதழின் பிரதி.

“உதெல்லாம் என்னத்துக்குத் தம்பி? கதிர்காமத்திலை முருகன் உன்ரை டிகிரியே பாக்கப் போறார்?”

நமக்கு விடை வரவில்லை. அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை, யாழ்ப்பாணத்தை விட்டு இரவுக்குள் வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நமக்குப் பதினான்கு வயது. உரப்பையிலே அரிசியும் பானையும் கட்டித் தந்தையார் சைக்கிளில் ஏற்றினார். அன்னையார் தங்கையைத் தூக்கிக்கொண்டார். வீட்டிலிருந்த பத்திரங்கள் அனைத்தையும் தந்தையார் நம் பள்ளிக்கூடப் பையில் வைத்து, “முதுகிலை கிடக்கட்டும், அதுதான் பத்திரம்” என்றார். பல இலட்சம் மக்கள் ஒரே தெருவில். மழை. நாவற்குழிப் பாலத்தை அணுகும் நேரத்தில் தோள்வார் அடித்தையலோடு அறுந்தது. பை விழுந்ததை உணர்ந்தோம், குனிய இடமில்லை, பின்னால் வந்த கூட்டம் நம்மை முன்னே தள்ளிக்கொண்டு போயிற்று. சொன்னபோது தந்தையார் ஒரு கணம் நின்றார். பிறகு, “சரி, நட” என்றார். ஊர் திரும்பிய பின் கச்சேரியிலும் காணிப் பதிவகத்திலும் அவர் ஏறியிறங்கிய ஆண்டுகள் எத்தனையோ. 2011இல் அவர் காலமாகும் வரை அந்தப் பையைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததையே நாம் சுமந்துகொண்டிருந்தோம் போலும்.

அன்னையார் அப்பொதியை மீண்டும் மடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். “அண்டைக்கு அறுந்தது பையின்ரை வார். நீ விட்டனியே? ஐயா ஒருநாளும் உன்னைக் குறையாச் சொன்னவரில்லை. உதை நான் அலுமாரியிலை வைக்கிறன். நீ போட்டு வா” என்றார்.

அடுத்த வாரமே புதிய பைக்குச் சென்றோம். இம்முறை முதுகை அளக்கும் நாடாவும், ஐந்து கிலோ அரிசிப் பொதிகள் இரண்டும் கையோடு கொண்டு போனோம். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார், பார்க்கட்டும். வெறும்பை எல்லா முதுகுக்கும் பொருந்தும். பாரம் ஏற்றினாற்றான் அதன் குணம் தெரியும். வார்களையெல்லாம் முதலில் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, அதன் பின்னரே தோள்வாரையும் மார்புப் பட்டியையும் இழுக்க வேண்டும். அவ்வாறு மாட்டிக்கொண்டு கடையின் படிகளிலே அரைமணி நேரம் ஏறியிறங்கினோம். தோளுக்கும் வாருக்குமிடையே ஒரு விரல் இலகுவாக நுழைந்தது. முப்பத்தெட்டு லீற்றர், வெறும்நிறை ஒன்றேகாற் கிலோ. பளபளக்கும் பட்டிகளும் பத்துப் பொக்கற்றுகளுமுள்ள பைகளும் அங்கிருந்தன. பொக்கற்று மிகுந்தால் தேடும் நேரமும் மிகும். மழைக்கென்று பையோடு தரும் உறை முதுகுப் பக்கத்து நீரைத் தடுக்காது. உள்ளே பெரிய பொலித்தீன் பையொன்றை விரித்து, அதனுள் பொருள்களை வைத்து வாயைத் திருகிவிடுதல் மலிவும் நலமுமாகும். பாரமானவை முதுகோடு ஒட்டி நடுவிலே இருத்தல் வேண்டும். வெளிப்புறத்தில் வைத்தால் அவை ஆளைப் பின்னே இழுக்கும்.

இவ்வளவு கூறியபின் எம்மா கேற்வூட் என்னும் அமெரிக்க மாதின் கதையைக் கூறாதுவிடல் நேர்மையன்று. அவர் 1955ஆம் ஆண்டிலே, தமது அறுபத்தேழாம் வயதில், இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். அவர் கொண்டு சென்றது தாமே தைத்த துணிப்பையொன்று. அதையும் ஒரு தோளிலே போட்டுக்கொண்டார். சட்டமில்லை, இடுப்புப் பட்டியில்லை. உள்ளே போர்வையும் மழைச்சட்டையும், கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறைத் திரையொன்றும், சில்லறைச் சாமான்களும். நாம் மேலே சொன்ன இலக்கணமெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் பையிலே அதற்கு வேலையில்லை. பன்னிரண்டு கிலோச் சுமப்பவர்க்கே நாடாவும் அளவும்.

நம் பை ஏழு கிலோவோடு சந்நிதியிலிருந்து புறப்பட்டது. உகந்தையில் அவலும் பொரிமாவும் நான்கு லீற்றர் நீரும் ஏறிப் பன்னிரண்டரையாயிற்று. நீரின் பாரத்துக்குத் தந்திரம் எதுவுமில்லை. லீற்றருக்கு ஒரு கிலோ, குடித்தாற்றான் குறையும். கும்புக்கன் ஆற்றைக் கடக்கையில் பையைத் தலையில் வைத்துக்கொள்ளும்படி ஒருவர் கூறினார், வைத்தோம். நடை முழுவதிலும் ‘கொண்டு வரவில்லையே’ என்று நாம் வருந்திய பொருள் நகவெட்டி ஒன்றே. அது கூட்டத்தில் மூவரிடம் இருந்தது. மாணிக்க கங்கையில் இறங்கியபோது வலக்கையை நீருக்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தோம். ஐந்தும் மடங்கின.

சென்ற மாதம் நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்குமிடையே நம் பிள்ளைகளுக்கு வாய்க்கும் நீண்ட காத்திருப்பிலே, நண்பருடன் இந்தியாவை மூன்று மாதம் ரயிலில் சுற்றிவர எண்ணம். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய எண்பது லீற்றர்ப் பையைத் தோளில் மாட்டிக் காட்டினான். விமானத்திலே கையோடு கொண்டு செல்ல ஏழு கிலோவுக்குமேல் பல கம்பனிகள் விடுவதில்லை என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. அவன் நம்மிலும் ஆறங்குலம் உயரம். ஆயினும் குனியச் சொல்லி நாடாவைப் பிடித்தோம். பதினேழரை அங்குலம்.

நம் பையை இரவலாகக் கொடுத்தோம். அன்னையார் உள்ளேயிருந்து, “தம்பி, சேட்டிபிக்கற்றெல்லாம் வீட்டிலை அம்மாட்டைக் குடுத்திட்டுப் போ” என்றார். அவனுக்கு அது விளங்கவில்லை, சிரித்துக்கொண்டு தலையாட்டினான். படலையடியிலே அவனை நிறுத்தி, தோள்வார் பையோடு சேருமிடத்துத் தையலை இரண்டு பக்கமும் இருமுறை இழுத்துப் பார்த்த பின்பே அனுப்பினோம்.