இரண்டு விரல்கள்

திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும்போது அருள்பணியாளரின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமே அதைத் தாங்குகின்றன. இருபத்தேழு ஆண்டுகளாக அச்செயலை நாள்தோறும் செய்துவந்த எனக்கு, அவ்விரு விரல்களைப் பற்றிய நினைவே ஒருநாளும் எழுந்ததில்லை. சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் அந்நினைவு வந்தது. உயர்த்திய அப்பம் என் வலக்கையில் இருப்பதைக் கண் கண்டது, விரல்கள் உணரவில்லை. பீடத்தின்மேல் அதை விழவிடாமல் இறக்கி வைக்க இடக்கையின் துணை வேண்டியிருந்தது. பீடச் சிறுவன் ஒருவனைத் தவிர வேறெவரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வலி தொடங்கியிருந்தது. தோள்பட்டைக்குப் பின்னே குத்தலாகப் பிறந்து, புயத்தின் வழியே இறங்கி, முன்கையில் நெருப்பாய் ஓடிற்று. இரவில் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் சற்றே தணிந்தது. எலும்புத் தேய்மானம் என்றார் ஒருவர். வாயுப் பிடிப்பு என்றார் மற்றொருவர். பங்கு மக்களுள் என்மீது மிகுந்த அன்புடைய அன்பர் ஒருவர் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். கத்தியில்லை, தையலில்லை, ஊசித் துளை ஒன்றே போதும், மறுநாளே வீடு திரும்பலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை: அன்றே புறப்பட்டுவிட வேண்டுமென்று மனம் துடித்தது. கழுத்தில் கத்தி படுமே என்ற அச்சம் ஒரு பக்கம். புனித வாரம் நெருங்குகிறதே என்ற கவலை மறு பக்கம்.

ஆயினும் துண்டறிக்கையை நம்பிப் போவதற்குமுன், மதுரையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் படத்தைக் கேட்கவில்லை; முதலில் என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மீண்டும் மாட்டச் சொன்னார். பிறகு ஒரு குதிகாலை மறு பாதத்தின் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கைகளை விரைவாக மூடித் திறக்கச் செய்தார். சிறு சுத்தியலால் முழங்காலையும் முழங்கையையும் தட்டினார். நடு விரலின் நகத்தைச் சுண்டிக் கட்டை விரல் துள்ளுகிறதா என்று பார்த்தார். இவையெல்லாம் முடிந்த பின்னரே எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்தார்.

கழுத்தில் எலும்புகள் ஏழு. முதலிரண்டுக்கு இடையே தவிர, ஏனையவற்றின் இடையே டிஸ்க் என்று நாம் வழங்கும் இடைத்தட்டுகள் இருக்கின்றன. சுற்றிலும் உறுதியான நார்வளையம். நடுவில் மென்மையான கூழ். என் கழுத்தில் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையே வளையம் கிழிந்து கூழின் ஒரு துண்டு வலப்புற ஓரமாகப் பிதுங்கி, அங்கே வெளியேறும் நரம்பை நெருக்கியிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்வளிப்பது அந்த நரம்பே. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைக்கு வலுவூட்டுவதும் அதுவே.

“ஃபாதர், தண்டுவடம் நெருக்கப்படவில்லை. ஆகவே நாம் பொறுத்திருக்கலாம். பிதுங்கிய துண்டைப் பெரும்பாலோருக்கு உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். மருந்து, ஓய்வு, பிறகு பயிற்சி. ஆறு வாரம் பார்ப்போம். ஆனால் மணிக்கட்டின் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, பொத்தான் மாட்டக் கை தடுமாறினாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும்” என்றார்.

பொத்தான் என்ற அச்சொல் என்னை அடித்தது. ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களை ஒட்டிய ஒரு பங்கில் பணியாற்றினேன். ஆண்டுக்கணக்காகத் தலையில் உப்புக் கூடை சுமந்த தொழிலாளி ஒருவர் ஒருநாள் மாலை பங்கு இல்லத்திற்கு வந்தார். “சாமி, ரெண்டு கையும் மரத்த மாதிரி இருக்கு. சட்டைப் பொத்தான் மாட்ட வரமாட்டேங்கு. நடக்கையில காலு தள்ளாடுது” என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவாக இல்லை என்றார். வலி இல்லையென்றால் பெரிதாக ஒன்றுமிராது என்று நானாக முடிவு செய்தேன். தலையில் கைவைத்துச் செபித்தேன். துன்பத்தைப் பொறுமையோடு ஏற்பதைப் பற்றிச் சில சொற்கள் சொன்னேன். அவை நல்ல சொற்கள்தாம். இறையியல் வகுப்பில் கற்றவை. அவர் அவற்றை நம்பிப் பொறுத்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்துக் கீழே விழுந்த பிறகே மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவருக்கு இடைத்தட்டு நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தையே நசுக்கியிருந்தது. அறுவை செய்தார்கள், நோய் மேலும் முற்றாமல் நின்றது. ஆனால் இழந்த வலு திரும்பவில்லை. இன்றும் கோலூன்றியே நடக்கிறார். வலியே இல்லாமல் தண்டுவடம் பழுதுபடலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் அறிவுரை சொல்லக்கூடாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் அந்தத் துண்டறிக்கையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார். சிறு துளை மருத்துவம் என்ற ஒரே பெயரில் பலவற்றைச் சொல்கிறார்கள். கழுத்தின் முன்பக்கமாக ஊசி செலுத்தி, லேசராலோ ரேடியோ அலையாலோ தட்டின் நடுக்கூழைச் சுருக்குவது ஒன்று. வளையம் கிழியாத சிறு பிதுங்கலுக்கே அது ஓரளவு பொருந்தும். அதற்கும் உறுதியான சான்றுகள் குறைவு. வெளியே வந்துவிட்ட துண்டை அந்த ஊசி எட்டாது. பின்கழுத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. கீறி, தசையை வெட்டாமல் விலக்கிக் குழாய் ஒன்றை இறக்கி, நுண்ணோக்கியின் வழியே நரம்பு வெளியேறும் எலும்பு வாயிலைச் சற்றே அகலமாக்கித் துண்டை எடுப்பது மற்றொன்று. 1 செ.மீ.க்கும் குறைந்த துளையில் எண்டோஸ்கோப் செலுத்திச் செய்வோரும் உண்டு. குழாயும் கருவியும் புதியவை, வழி பழையது. ஸ்பர்லிங், ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் பின்வழி அறுவையை 1944ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள்.

முன்கழுத்தின் மடிப்பில் கீறித் தட்டு முழுவதையும் அகற்றி, இரு எலும்புகளையும் இணைத்துவிடும் முறை 1950களிலிருந்து வழக்கில் உள்ளது. நடுவில் பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்குவோருக்குப் பெரும்பாலும் அதுவே தக்கது. பின்வழியே சென்றால் தண்டுவடத்தை நகர்த்தியே தட்டை எட்ட வேண்டும், அது ஆபத்து. ஓரத்துப் பிதுங்கலுக்குப் பின்வழி போதும். எலும்பை இணைக்க வேண்டியதில்லை, கழுத்தின் அசைவும் குறையாது. நெதர்லாந்தில் 265 நோயாளிகளை இரு பிரிவாக்கி இவ்விரு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் பின்வழி முன்வழிக்குத் தாழ்ந்ததன்று என்று அது கண்டது. “துளை சிறியதா பெரியதா என்பதை நோயே முடிவு செய்கிறது, நாம் அல்ல” என்று முடித்தார் மருத்துவர்.

ஆறு வாரம் என்பது தவக்காலத்தின் அளவு. மாத்திரையும் ஓய்வுமாக அதைக் கழித்தேன். குருத்து ஞாயிறுக்குமுன் அந்த உப்பளத் தொழிலாளி, நான் நோயுற்றதைக் கேள்விப்பட்டு, இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்து சேர்ந்தார். நாற்காலியில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சாமி, ஒங்களுக்குப் பொத்தான் மாட்ட வருதா?”

வருகிறது என்றேன். அவருடைய சட்டையைப் பார்த்தேன். பொத்தான்களுக்குப் பதிலாக, இழுத்தால் பிரியும், அழுத்தினால் ஒட்டும் பட்டைகளை அவர் மனைவி தைத்திருந்தார். எட்டு ஆண்டுகளாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். “அன்று நான் உம்மை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். என்னை மன்னியும்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் மனசுல இருந்துச்சு சாமி” என்றார். அதற்குமேல் இருவரும் எதுவும் பேசவில்லை. அவர் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அது பொய்யாகியிருக்கும்.

புனித வாரத்தில் திருக்கிண்ணத்தை உயர்த்தியபோது மணிக்கட்டு வளைந்து தாழ்ந்தது. இம்முறை நான் காத்திருக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு வரை பொறுக்கலாமே என்று சிலர் கூறினர். மறைமாவட்டத்திலிருந்து வேறோர் அருள்பணியாளரைக் கேட்டு வாங்கிவிட்டு, பெரிய வியாழனன்று மருத்துவமனையில் சேர்ந்தேன்.

முழு மயக்கத்தில், முகம் கீழ்நோக்கி, தலையை ஒரு சட்டத்தில் பொருத்திக் குழாய்வழி அறுவை செய்தார்கள். துளை சிறிது என்பதால் அறுவையும் சிறிதன்று. நரம்பு காயப்படலாம், துண்டு எஞ்சலாம், மீண்டும் பிதுங்கலாம் என்பனவற்றையெல்லாம் படித்தே கையொப்பமிட்டேன். விழித்தபோது புயத்தில் ஓடிய நெருப்பு இல்லை. இரண்டாம் நாள் பங்கு இல்லம் திரும்பினேன். பின்கழுத்துத் தசை இரண்டு வாரம் வலித்தது. மணிக்கட்டு மூன்று மாதத்தில் தேறியது. கட்டை விரலின் நுனியில் மட்டும் மரமரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது அப்படியே தங்கிவிடவும் கூடும்.

என் தழும்பை நான் பார்த்ததில்லை. அது பின்னால் இருக்கிறது. அந்தத் தொழிலாளிதான் மறுமுறை வந்தபோது குனிந்து பார்த்து, “இம்புட்டுதானா சாமி?” என்று வியந்தார். அவருடைய தழும்பு முன்கழுத்தின் மடிப்பில் இருக்கிறது. அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் அதை நான் பார்க்கிறேன்.

இப்போது பங்கு இல்லத்திற்கு வந்து கை மரக்கிறது என்று சொல்வோருக்கு நான் செபிக்கத்தான் செய்கிறேன். அதற்குமுன் அவர்களை முற்றத்தில் நேர்கோட்டில் நடக்கச் சொல்கிறேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொல்கிறேன். தடுமாறினால் அன்றே மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறேன். பேருந்துக் கட்டணம் இல்லையென்றால் அதையும் கொடுத்து அனுப்புகிறேன்.