துணி உலர்த்தும் இயந்திரமும் அதன் மூச்சுக்குழாயும்

மலையாள நாட்டில் வாழவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இங்குள்ள மழை முதலில் வியப்பையும் பின்னர் வேலையையும் தருகிறது. இடவப்பாதி என இந்நாட்டார் வழங்கும் தென்மேற்குப் பருவமழை சூன் தொடக்கத்தில் இறங்கும். அது ஓய்ந்ததும் துலாவர்ஷம் வந்து சேரும். நெல்லைச் சீமையில் காலையிற் கொடியில் இட்ட வேட்டி உச்சிப்பொழுதுக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். திருவனந்தபுரத்திலோ மூன்று நாளாயினும் ஈரவாடை நீங்குவதில்லை. ஆதலின் துணி உலர்த்தும் இயந்திரம் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலும் புகுந்துள்ளது. அதனை வாங்குமுன் அறியவேண்டியவற்றை ஈண்டு எழுதுவது பயனுடைத்தென்று கருதுகிறோம்.

5 கிலோ பருத்தித் துணி, சலவை இயந்திரம் பிழிந்த பின்னரும் ஏறத்தாழ 3 லிட்டர் நீரைத் தாங்கி நிற்கும். உலர்த்தும் இயந்திரம் சூடான காற்றைச் செலுத்தி அந்நீரை ஆவியாக்குகிறது. ஆவியுடன் நுண்ணிய பஞ்சுப்பிசிரும் வெளிப்படும். இவ்விரண்டையும் வீட்டுக்கு வெளியே சேர்ப்பதே குழாயின் தொழில். உள்ளே தங்கிய ஆவி சுவரிற் பூஞ்சணமாகும். தங்கிய பிசிர் வெப்பத்தால் தீப்பற்றும். 2008 முதல் 2010 வரை ஆண்டுதோறும் சுமார் 2,900 குடியிருப்புத் தீவிபத்துகள் இவ்வியந்திரங்களால் நேர்ந்தன என்றும், தூய்மை செய்யாமையே அவற்றின் முதன்மைக் காரணம் என்றும் அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2012-இல் அறிவித்தது.

அந்நாட்டு மாநிலங்கள் பல தழுவியுள்ள சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு இக்குழாய்க்கெனத் தனி விதிகள் வகுத்துள்ளது. குழாய் வழவழப்பான உலோகத்தால், 4 அங்குல விட்டத்துடன் அமைந்து, வீட்டுக்கு வெளியே முடிதல் வேண்டும். பொதுவாக அதன் நீளம் 35 அடியை மிஞ்சலாகாது. எல்போ எனக் குழாய்த் தொழிலாளர் கூறும் செங்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழிக்க வேண்டும். இரண்டு வைத்தால் 25 அடியே மிஞ்சும். வளைவில் காற்றின் வேகம் குன்றிப் பிசிர் படியும் என்பதே காரணம். திருகாணியின் முனை குழாயினுள் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் நீளலாகாது. குழாயின் வாயில் கம்பிவலை அடிப்பதும் கூடாது. பல்லியைத் தடுக்கும் அவ்வலையே பிசிரையும் தடுத்து வழியை அடைத்துவிடும். காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடும் தகடே அங்கு வேண்டுவது.

அயல்நாட்டு விதி இங்கே சட்டமாகாது. ஆயினும் சட்டம் கடல் கடவாவிடினும், தீயின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றன்றோ!

எம் அன்னையார்க்கு இளைப்பு நோய் உண்டு. கரமனையில் யாம் குடியிருக்கும் மாடிவீட்டில், மழைக்காலத்து அறைக்குள் துணி உலர்த்தினால் இரவெல்லாம் அவர் உறங்காது அமர்ந்திருப்பார். எனவே இயந்திரம் வாங்கத் துணிந்தோம். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையவில்லை. இடம் பார்க்க வந்த கடைப்பணியாளரோ, "சாரே, குழாயைக் குளியலறைக்குள் விட்டாற் போதும்" என்றார்.

அன்னையார் அவரை நோக்கி, "கொடியில் இருக்கிற ஈரம் அப்போதும் வீட்டுக்குள்ளேதானே இருக்கும், தம்பி? பிறகு இந்த இயந்திரம் எதற்கு?" என்று வினவினார். அவரிடம் விடையில்லை.

முடிவில், குழாயே வேண்டாது ஆவியை மீண்டும் நீராக்கித் தொட்டியிற் சேர்க்கும் வகையைத் தேர்ந்தோம். அதன் விலை மிகுதி. தீபாவளிக்கு அனைவரும் ஊர் சென்றுவரச் சேர்த்திருந்த தொகை அதிலே கரைந்தது. எம் பிள்ளைகள் முகம் வாடினர். அன்னையார், "ஊர் எங்கும் ஓடிவிடாது, அடுத்த ஆண்டு போவோம்" என்று தேற்றினார். ஊரைக் காண எம்மினும் ஏங்கியிருந்தவர் அவரே என்பதை யாம் அறிவோம்.

இவ்வகையிலும் பிசிர்வலையை ஒவ்வொரு முறையும் துடைத்தல் வேண்டும்; அறையிற் காற்றோட்டமும் வேண்டும். வாங்கக் கருதும் அன்பர்கள் பணம் கொடுக்குமுன், ஆவி எங்கே போகும், பிசிர் எங்கே தங்கும், அதனை எடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்பாராக. மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, கொடியும் வெயிலுமே போதும்.