‘ரூல் அவுட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கடந்த ஆண்டு மும்பையில் அப்பாவுக்கு அடிவயிற்றின் இடப்பக்கம் கடும் வலியும் காய்ச்சலும் கண்டன. சி.டி. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் டைவர்டிகுலைட்டிஸ் என்றார். பெருங்குடலின் சுவர் வலுவிழந்த இடங்களில் சிறு பைகளாக வெளியே பிதுங்கும். அவற்றில் அழற்சி ஏற்பட்டால் வருவது இந்நோய். ‘டைவர்டிகுலம்’ என்ற இலத்தீன் சொல்லுக்குப் பெருவழியிலிருந்து விலகும் கிளைவழி என்று பொருள். அப்பாவுக்கு அங்கே சிறு சீழ்க்கட்டியும் இருந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகளில் இரண்டு வாரத்தில் வலி தணிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார்: எட்டு வாரம் கழித்துக் கொலோனோஸ்கோபி செய்து, புற்றுநோயை ‘ரூல் அவுட்’ செய்ய வேண்டும். மொழியியல் படித்த துணிவில் நான் அப்பாவிடம், “புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார், அப்பா” என்றேன்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. ஆங்கிலத்தில் விலக்குதல் முன்னே நிற்கிறது. புற்றுநோய் பின்னே வருகிறது. இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி, ஆயினும் உறுதிசெய்துகொள்வோம் என்ற தொனியும் அதில் உண்டு. என் வாக்கியத்தில் புற்றுநோய் முதலில் வந்தது, ஐயம் அடுத்து வந்தது, விலக்குதல் வரவேயில்லை. “இல்லை என்று உறுதிசெய்ய” என்றிருந்தாலும் தமிழில் அந்த ‘இல்லை’ பின்னால்தான் வந்திருக்கும். அப்பா முதற்சொல்லிலேயே நின்றுவிட்டார். “வலிதான் போய்விட்டதே, இனி எதற்கு?” என்றார். எட்டு வாரம் பன்னிரண்டாயிற்று.

அந்நாட்களில் நான் மருத்துவக் கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அழற்சியிலும் குடற்சுவர் தடிக்கும், புற்றிலும் தடிக்கும். ஸ்கேன் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். உடனே குழாயைச் செலுத்தினால் புண்பட்ட சுவரில் துளை விழும் அபாயம் உண்டு. அதற்காகவே அந்தக் காத்திருப்பு. 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, சிக்கலற்ற டைவர்டிகுலைட்டிஸுக்குப் பின் புற்றுநோய் கண்டறியப்பட்டோர் 100க்கு ஒருவருக்கும் குறைவு. சீழ்க்கட்டி போன்ற சிக்கல் இருந்தோரில் 100க்கு ஏறத்தாழ 11 பேர். அப்பா இரண்டாம் வகை. அந்த எண்ணை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் அம்மா. “ராத்திரி பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறீர்களே, திருடன் உள்ளே இருக்கிறான் என்றா பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம், பேதி மருந்து கலந்த இரண்டு லிட்டர் நீரை இரவில் பாதி, விடியலில் பாதி என முகஞ்சுளித்தபடி குடித்து முடித்தார். பரிசோதனை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மயக்க மருந்தில் அவருக்கு எதுவும் தெரியவுமில்லை.

புற்றுநோய் இல்லை. ஆனால் ஒரு சிறு பாலிப் இருந்தது, அப்போதே அகற்றிவிட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லப் புற்றாக மாறக்கூடிய அடினோமா வகை என்று திசுப் பரிசோதனை சொன்னது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லும்போது வினைமுற்றை முதலில் வைத்தேன்: “எடுத்துவிட்டார்கள் அப்பா, ஒரு சின்னக் கட்டியை.”

பெற்றோருக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களாக நிற்கும் நண்பர்களே, வலி நின்றபின் சொல்லப்படும் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள். அதைச் சொல்லும் வாக்கியத்தையும் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.