கேப்பர் மலையும் ஒரு தொப்பிக்காரரும்

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அத்தை வீடு கடலூர் கேப்பர் மலைப் பக்கம். லீவுக்குப் போனால் சட்டையெல்லாம் செம்மண் அப்பிக்கொள்ளும். அந்த நிறத்தைப் பார்த்து, ‘காப்பர்’ மலைதான் ‘கேப்பர்’ ஆகிவிட்டது என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

உண்மையில் கேப்பர் என்பது இங்கே இருந்த ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் குடும்பப் பெயர். பொருள்: தொப்பி செய்பவர். ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர் என்பதுபோலத் தொழிலே பெயராய் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் ஒருகாலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போனது. யாரோ ஒரு தொப்பிக்காரரின் பெயரை நம் முந்திரித் தோப்புகள் சுமந்து நிற்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

கடலூரோடு ஒட்டிய இன்னொரு பெயர் யேல். இங்குள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களும் கும்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இவர் பெயர்தான். யேல் என்பது வேல்ஸ் நாட்டில் ‘இயால்’ என்ற வட்டாரத்தின் பெயர். வளமான மேட்டுநிலம் என்று பொருள் சொல்கிறார்கள்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். தாத்தாவுக்கு முன்னால் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தையிடம் கேட்டு எழுதி வைத்திருக்கலாம்.