உச்சியைப் பாருங்கள்

எங்கள் குலதெய்வமாகிய ஐயனாரின் கோயில் காட்டில் உள்ள மகிழ மரத்தை ஆண்டுதோறும் வலம் வருவேன். அடியை வணங்கினேனேயன்றி உச்சியை ஒருநாளும் நோக்கியதில்லை. சென்ற ஆடியில் உடன் வந்த ஓய்வுபெற்ற வனத்துறை அன்பர் அண்ணாந்து பார்த்து, “வேருக்குக் கேடு வந்தால் பெரும்பாலும் உச்சிக்கிளைகளே முதலில் வாடும், ஐயா” என்றார்.

ஜெர்மனியில் 1984 முதல் ஆண்டுதோறும் கோடையில் தொலைநோக்கியால் மரத்தலைகளை நோக்கியே காடுகளின் நலத்தைக் கணிக்கின்றனராம். இலையடர்த்தி நூற்றுக்கு 10 வரை குறைந்தால் கேடில்லை. 25 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் தெளிவான பாதிப்பு. கடன் கணக்கு நலிவதை முன்கூட்டியே காட்டும் குறிகளை வங்கியில் தேடிப் பழகிய எனக்கு இது எளிதில் விளங்கியது.

மகிழம் பசுமை மாறாத மரம். ஆயினும் எங்கள் மரத்தின் உச்சியினூடே வானம் தெரிந்தது. சில கிளைகள் பட்டிருந்தன. காரணம் என் காலடியிலேயே இருந்தது. சேறு படாமல் வலம் வருவதற்கென நான் நன்கொடையளித்த சிமெண்டுத் தளம், நீரும் காற்றும் வேரை அடையாதபடி மூடியிருந்தது.

ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுத் தளத்தைப் பெயர்த்தோம். என் பெயர் பொறித்த கல்லும் அதனுடன் போயிற்று. பட்ட கிளைகள் துளிர்க்கவில்லை. மற்றவை பிழைக்க ஐயனே அருள வேண்டும்.

அன்பர்களே, உங்கள் ஆலயத் தலவிருட்சத்தை வலம் வருகையில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.